பன்னிரண்டு சதுரங்களும் ஓர் ஆணியும்

காபிக் கடை, பல் டாக்டரின் காத்திருப்பு அறை, புதிதாகக் குடிபோன நண்பரின் வரவேற்பறை என்று ஏதோ ஒரு சுவரில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு என்று பன்னிரண்டு சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒன்றினுள் ஒன்றாக வண்ண வட்டங்கள். மாஸ்கோவில் பிறந்து, முப்பது வயதில் சட்டத் துறையை உதறிவிட்டு ஓவியம் கற்க ஜெர்மனிக்குப் போன வாசிலி காண்டின்ஸ்கி 1913-இல் வரைந்தது. அசல், மியூனிக் நகரின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே படம் மூன்றடிக்கு நான்கடி அளவில், சட்டம் போட்டு, சோபாவுக்கு மேலே மாட்டத் தயாராகக் கடைகளில் கிடைக்கிறது. வாங்குகிறவர்களில் பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. அசலின் அளவு ஏறத்தாழ 24க்கு 32 செ.மீ.தான். ஜெராக்ஸ் கடையில் புரளும் ஏ4 தாளைவிட இரண்டு மூன்று செ.மீ. பெரிது, அவ்வளவே. காண்டின்ஸ்கி அதை முழு ஓவியமாக வரையவும் இல்லை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் உட்கார்ந்தால் இரண்டும் என்ன ஆகின்றன என்று பார்க்க, தாளில் நீர்வண்ணமும் வண்ணக்கட்டியும் கொண்டு போட்ட ஒத்திகை அது. நம் சுவரில் மூன்றடியில் தொங்குவது ஒரு குறிப்புத் தாளின் ஊதிப் பெருத்த உருவம்.

இதனால் பிரதியை வாங்கக் கூடாது என்றாகிவிடாது. மியூனிக் போய்ப் பார்க்க எல்லோராலும் முடியாது. ஆனால் காசு கொடுத்து வாங்குவது காண்டின்ஸ்கியை அல்ல. தாள், மை, கண்ணாடி, மரம் ஆகிய நான்கு பொருள்களை. அந்த நான்கும் ஒழுங்காக இருந்தால்தான் காண்டின்ஸ்கி கொஞ்சமாவது நம் வீட்டுக்கு வருவார். எனவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியதெல்லாம் அந்த நான்கைப் பற்றித்தான்.

சாமி படமும் நவீன ஓவியமும்

அச்சுப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவது நமக்குப் பழகிய வேலை. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின், அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் அச்சுப் படங்களாக வீடு வீடாகப் போனார்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவின் முருகனும் மீனாட்சியும் சிவகாசி காலண்டர்களில் ஏறி ஊரெங்கும் குடியேறினார்கள். அந்தப் படங்களில் முருகனின் பட்டு கொஞ்சம் வெளுத்திருந்தாலும் கும்பிடுகிறவருக்குக் குறையில்லை. அவர் பார்ப்பது முருகனை. துணியின் நிறத்தை அல்ல.

காண்டின்ஸ்கியின் சதுரங்களில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே முருகனும் இல்லை, மயிலும் இல்லை. பச்சைக்கு அருகில் ஒரு குறிப்பிட்ட சிவப்பு இருக்கிறது. அதுதான் படத்தின் ‘கதை’. சிவப்பு ஆரஞ்சாக நழுவினால் கதையே மாறிவிடும். நவீன ஓவியத்தின் பிரதியை வாங்கும்போது அச்சுத் தரத்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருப்பது இதனால்தான்.

முதலில் டேப்பை எடுங்கள்

எந்தப் படம் பிடித்திருந்தாலும், அதை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அசலின் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும். சில அளவுகள் திகைக்க வைக்கும். உருகி வழியும் கடிகாரங்களை சால்வடோர் டாலி 1931-இல் வரைந்த ‘நினைவின் நிலைபேறு’ 24க்கு 33 செ.மீ.தான், அதுவும் ஏறக்குறைய ஏ4. பிக்காசோவின் ‘கெர்னிகா’வோ கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் உயரம், ஏழேமுக்கால் மீட்டர் அகலம். இரண்டையும் 18க்கு 24 அங்குலத்தில் பக்கம் பக்கமாக மாட்டினால், ஒன்று உருப்பெருக்கியில் பார்த்ததாகவும் மற்றது மொட்டைமாடியிலிருந்து பார்த்ததாகவும் ஆகிவிடும்.

அளவோடு வடிவத்தையும் பாருங்கள். கடைகளில் சட்டங்கள் 12க்கு 18, 16க்கு 20, 18க்கு 24, 24க்கு 36 அங்குலம் என்று சில நிலையான அளவுகளில் வருகின்றன. ஓவியர்கள் இவற்றைக் கேட்டுக்கொண்டு வரையவில்லை. வியன்னாவின் பெல்வெடேர் அருங்காட்சியகத்தில் உள்ள குஸ்தவ் கிளிம்ட்டின் ‘முத்தம்’ 180க்கு 180 செ.மீ. கொண்ட சரியான சதுரம். அதை 24க்கு 36 சட்டத்தில் நெட்டாகக் கண்டால், பக்கவாட்டில் கணிசமாக வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வான்கோவின் ‘விண்மீன் இரவு’ 73.7க்கு 92.1 செ.மீ.; நான்குக்கு ஐந்து என்ற விகிதம். அது 16க்கு 20 சட்டத்தில் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். 24க்கு 36-இல் வானத்தையோ ஊரையோ பலி கொடுத்தாக வேண்டும். காண்டின்ஸ்கியின் சதுரங்கள் மூன்றுக்கு நான்கு என்பதால் 12க்கு 16, 18க்கு 24 இரண்டுமே ஒத்துவரும். சதுரச் சட்டத்தில் போட்டால் ஒரு நெடுவரிசை போய், பன்னிரண்டு ஒன்பதாகிவிடும்.

இணையத்தில் வாங்கும்போது ‘18க்கு 24’ என்பது படத்தின் அளவா, சட்டத்தையும் சேர்த்த வெளி அளவா என்று கேளுங்கள். விளம்பரப் படத்தில் சோபாவுக்கு மேலே கம்பீரமாகத் தெரிவது கணினியில் ஒட்டிய காட்சியாக இருக்கலாம். பழைய செய்தித்தாளை அதே அளவுக்கு வெட்டி, சுவரில் இரண்டு நாள் ஒட்டிவைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

படம் எங்கிருந்து வந்தது?

அச்சு நன்றாக வர, அச்சடிக்கும் கோப்பு நன்றாக இருக்க வேண்டும். கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது அச்சகங்களின் வழக்கமான கணக்கு. நாலைந்து அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 போதும். 18க்கு 24 அங்குல அச்சுக்கு 150 கணக்கில் 2700க்கு 3600 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் வந்த 1600 பிக்சல் படத்தை அதே 24 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 67-தான் தேறும். வட்டங்களின் ஓரம் பஞ்சுபோல ஆகிவிடும்.

நல்ல கோப்பைத் தேடிக் கள்ளத்தனம் செய்ய வேண்டியதில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல், காப்புரிமைக் காலம் முடிந்த தன் சேகரிப்புகளின் உயர்தரப் படங்களை யார் வேண்டுமானாலும் இறக்கி எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. சிகாகோ கலைக்கழக அருங்காட்சியகம் 2018-இல் அதே வழியில் வந்தது. அந்தப் படங்களை நீங்களே இறக்கி, ஊரில் உள்ள நல்ல டிஜிட்டல் அச்சகத்தில் கொடுக்கலாம். கடையில் வாங்குவதானால், “இந்தப் படத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையும் திருதிருவென விழிக்கும் கடையும் உடனே பிரிந்துவிடும்.

மையும் தாளும்

சிவகாசி காலண்டர் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். அது ஆஃப்செட். ஆயிரக்கணக்கில் அடிக்கும்போது மலிவு. சுவரொட்டிகளில் பெரும்பகுதி இந்த வகை. ஒன்றிரண்டாக எடுக்கும் அச்சு இங்க்ஜெட். அதில் எட்டு, பத்து, பன்னிரண்டு மைகள் வரை உள்ள எந்திரங்கள் உண்டு. நிறங்களின் வீச்சு கூடும். இந்த வகை அச்சைத்தான் கடைக்காரர்கள் ‘ஷிக்லே’ என்று பிரெஞ்சில் சொல்லி விலையை உயர்த்துகிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓர் அச்சுக் கலைஞர் ‘இங்க்ஜெட்’ என்ற சொல் கலைக்கூடத்தில் எடுபடாது என்று கருதி, ‘பீய்ச்சுதல்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து உருவாக்கிய பெயர் அது. பெயரில் மயங்காமல், “மை பிக்மென்ட்டா, டையா?” என்று கேளுங்கள்.

டை என்பது கரையும் சாயம். பளிச்சென்று இருக்கும், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். பிக்மென்ட் நிறமித் துகள்களால் ஆனது, நிலைத்து நிற்கும். வெளிறுவது என்றால் என்ன என்பதற்குச் சலூன் கடை வாசலே சாட்சி. ஹேர்ஸ்டைல் காட்டும் இளைஞர்கள் எல்லோரும் வெயிலில் நின்று நின்று நீல முகத்தோடு இருப்பார்கள். சிவப்பும் மஞ்சளும் முதலில் ஓடிப்போக, நீலம் மிஞ்சியதன் விளைவு அது. காண்டின்ஸ்கியின் சிவப்பு வட்டங்களுக்கும் அந்தக் கதி வராமல் இருக்க வேண்டும்.

தாளில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று கனம்: 200 ஜிஎஸ்எம்-க்குக் கீழே போனால் மழைக்காலத்தில் அலை அலையாக நெளியும் வாய்ப்பு அதிகம். இரண்டாவது, அமிலமில்லாத தாளா என்பது. செய்தித்தாள் சில வாரங்களிலேயே பழுப்பதற்குக் காரணம் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள். அது நீக்கப்பட்ட தாளோ பருத்தித் தாளோ நெடுநாள் வெள்ளையாக இருக்கும்.

கேன்வாஸில் அச்சடித்தால் ‘ஒரிஜினல் மாதிரி’ இருக்கும் என்று சொல்வார்கள். அசலே தாளில் இருக்கும்போது எதைப்போல இருக்கும்? காண்டின்ஸ்கியின் இந்த ஒத்திகையில் நீர்வண்ணம் தாளில் ஊறிப் பரவியிருப்பதுதான் அழகு. அதன்மேல் துணி நெசவை ஏற்றினால் அந்த ஈரம் மறைந்துவிடும். வான்கோ போல எண்ணெய் வண்ணத்தை அள்ளி அப்பியவர்களுக்குக் கேன்வாஸ் பொருந்தலாம். அங்கும் துணியின் மேடுபள்ளம்தான் கிடைக்கும். அவருடைய தூரிகையின் மேடுபள்ளம் வராது. கையால் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த பிரதி வேண்டுமென்றால் அதற்கும் சந்தை உண்டு. சீனாவின் ஷென்ஜென் நகரில் உள்ள தாஃபென் என்ற பகுதி 1989 முதல் இதையே தொழிலாகக் கொண்டு வளர்ந்தது. அங்கிருந்து வருவது அச்சுப் பிரதியல்ல, இன்னொரு மனிதரின் கை. அவர் கை எப்படியோ படம் அப்படி.

நிறம் ‘சரியா’ என்று எதை வைத்துச் சொல்வது? திரைக்குத் திரை நிறம் மாறுகிறது. அசலும் மாறிக்கொண்டே இருக்கிறது. வான்கோ 1888-இல் வரைந்த ‘படுக்கையறை’யின் சுவர்கள் இன்று வெளிர்நீலம். அவர் தீட்டியபோது அவை ஊதா. கலந்திருந்த சிவப்புச் சாயம் காலப்போக்கில் மங்கிவிட்டது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கிளிம்ட்டின் ‘முத்தத்தில்’ இருப்பது உண்மையான தங்கத் தகடு. நான்கு மைகளால் தங்கத்தின் பழுப்பை அடிக்கலாம், பளபளப்பை அடிக்க முடியாது. ஆகவே நூறு சதவீத நிறப் பொருத்தம் என்று யாராவது சத்தியம் செய்தால் சிரித்துவிட்டு நகருங்கள். அருங்காட்சியகம் வெளியிட்ட படத்துக்கு அருகில் வருகிறதா, வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா, கறுப்பு சாம்பலாகிவிட்டதா என்று பார்த்தால் போதும்.

எண்ணும் கையெழுத்தும்

சில பிரதிகளின் ஓரத்தில் பென்சிலால் 45/500 என்று எழுதியிருக்கும். 500 பிரதிகளில் இது 45-ஆவது என்று பொருள். ஓவியரே கல்லில் வரைந்தோ மரத்தில் செதுக்கியோ, தானே மேற்பார்த்து எடுத்த அச்சானால் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. அத்தகைய அச்சு பிரதியே அல்ல; அதுதான் அசல். காண்டின்ஸ்கியே 1922-இல் ‘சிறு உலகங்கள்’ என்று பன்னிரண்டு அச்சுகள் கொண்ட தொகுதியை அப்படி வெளியிட்டிருக்கிறார். ஆனால் 1944-இல் இறந்தவரின் ஓவியத்தை இன்று இங்க்ஜெட்டில் அடித்து எண் போட்டால், அது அச்சகத்தின் கணக்கு மட்டுமே. ஓவியத்துக்குள்ளேயே இருக்கும் கையெழுத்து அச்சில் வருவதும் ‘கையெழுத்திட்ட பிரதி’ ஆகாது. டாலி விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அவர் வெற்றுத் தாள்களில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். பின்னால் அவற்றில் என்ன அச்சாயிற்று என்பது பெரிய வழக்குகளாயின.

உரிமைக் கணக்கு

இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அவருடைய வாரிசுகளுக்கு உரிமை. காண்டின்ஸ்கிக்கு அது 2004-உடன் முடிந்தது. 1940-இல் மறைந்த பால் கிளே, 1941-இல் மறைந்த அம்ரிதா ஷெர்கில் இருவர் படங்களும் இன்று பொதுச்சொத்து. 1954-இல் காலமான மத்தீஸுக்கு இங்கே 2014-இல் முடிந்துவிட்டது. ஜாமினி ராய்க்கு 2032 வரை, பிக்காசோவுக்கு 2033 வரை, சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கருக்கு 2037 வரை, எம்.எஃப். ஹுசைனுக்கு 2071 வரை உரிமை நீடிக்கிறது. இவர்களுடைய படங்களை அனுமதியின்றி அச்சடித்து விற்பது சட்டமீறல். உயிரோடு இருக்கும் ஓவியர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அவர்களின் பிழைப்பே அது. பிரதி வேண்டுமென்றால் அவர்களிடமோ அவர்களின் கலைக்கூடத்திடமோ நேரே கேட்டால், பல சமயம் நியாயமான விலைக்கே கிடைக்கும்.

இன்னொரு வகை உண்டு. மத்தீஸ் வெட்டி ஒட்டிய வண்ண இலைகளைப்போல யாரோ நேற்றுக் கணினியில் செய்துவிட்டு, கீழே அவர் பெயரையும் ஒரு கண்காட்சி ஆண்டையும் பொறித்து விற்பது. அழகாக இருந்தால் வாங்குங்கள். மத்தீஸ் என்று நினைத்து வாங்காதீர்கள். படத்தின் பெயரும் அருங்காட்சியகத்தின் பெயரும் சொல்ல முடியாத ‘மாஸ்டர்பீஸ்’ என்றால் சந்தேகப்படுங்கள்.

சட்டம் போடும் கடையில்

பல சமயம் படத்தைவிடச் சட்டத்துக்குத்தான் அதிகம் செலவாகும். அதில் முதலாவது மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வரும் வெள்ளை அட்டை. அதை அலங்காரம் என்று நினைத்து வேண்டாமென்று விடுகிறோம். அதன் முக்கிய வேலை, தாள் கண்ணாடியைத் தொடாமல் இடைவெளி விடுவது. மழைக்காலம் பல கண்டு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட கல்யாணப் போட்டோவைப் பிரிக்க முயன்றவர்களுக்கு அந்த இடைவெளியின் அருமை தெரியும். கடலோர ஊர்களில் இது இன்னும் அவசியம். மவுண்ட் அட்டையும் அமிலமில்லாததாக இருக்கட்டும். இல்லையென்றால் சில ஆண்டுகளில் படத்தின் ஓரத்தில் பழுப்புக் கோடு விழும்.

இரண்டாவது, ஒட்டும் முறை. படம் முழுவதையும் பசை தடவி அட்டையில் ஒட்டிவிடுவது கடைகளின் சுலப வழி. ஈரப்பதத்தில் தாள் ஒருவிதமாகவும் அட்டை ஒருவிதமாகவும் விரிய, நடுவில் கொப்புளம் எழும். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் காகிதப் பட்டியால் தொங்கவிடச் சொல்லுங்கள். படத்தை எம்டிஎஃப் பலகையில் ஒட்டிப் பிளாஸ்டிக் படலம் போர்த்தும் லேமினேஷன் மலிவுதான், துடைக்கவும் வசதி. ஆனால் அதிலிருந்து படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. விளக்கு வெளிச்சமும் அதில் வழுக்கி விழும்.

மூன்றாவது கண்ணாடி. 2 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 5 கிலோ எடை. மூன்றடிக்கு நான்கடிப் படத்தில் கண்ணாடி மட்டுமே ஐந்தரை கிலோ. அந்த அளவுக்கு அக்ரிலிக் தாள் போடுவது நல்லது; கனமில்லை, எளிதில் உடையாது. கீறல் விழும், உலர்ந்த துணியால் துடைத்தால் தூசியை இழுக்கும் என்பவை அதன் குறைகள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் என்றால் எதிரொளிக்காத கண்ணாடி கேளுங்கள். இல்லாவிட்டால் படத்தில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

சட்டத்தின் பீடிங் மரமா ஃபைபரா என்பது பெரும்பாலும் ரசனை, விலை சார்ந்தது. கரையான் தொல்லை உள்ள வீட்டில் ஃபைபருக்கு ஒரு கூடுதல் மதிப்பெண். சதுரமும் வட்டமுமாக இருக்கும் படத்துக்குத் தங்கப் பூவேலைச் சட்டம் கல்யாண மேடை போட்டதுபோல இருக்கும்; மெல்லிய வெள்ளையோ கறுப்போ மரநிறமோ போதும். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தூசியும் பூச்சியும் நுழையாதபடி ஓரமெல்லாம் பட்டி ஒட்டியிருக்க வேண்டும். கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் குமிழ் வைத்தால், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும், பூஞ்சை பிடிக்காது.

கடைசியில் ஆணி

நம் வீடுகளில் படங்கள் உயரத்தில் இருக்கும். தாத்தா பாட்டி, காமராஜர், காந்தி என்று எல்லோரும் நிலைக்கு மேலே, சற்று முன்சாய்ந்து நம்மைப் பார்ப்பார்கள். அது மரியாதையின் உயரம். ஓவியத்துக்கு அந்த மரியாதை வேண்டாம். கண்ணுக்கு நேரே இருந்தால் போதும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 அங்குலம் அளவில் இருப்பது கலைக்கூடங்களின் பழக்கம். பெரும்பாலும் உட்கார்ந்து பார்க்கும் அறையானால் இன்னும் கீழே இறக்கலாம். வெயில் படும் சுவரும், வெளிப்புறம் மழை அடிக்கும் சுவரும் வேண்டாம். அருங்காட்சியகங்கள் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் என்ற மங்கல் வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. நம் பிரதிக்கு அவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை, நேர் வெயில் படாமல் இருந்தால் நெடுநாள் வரும்.

என்னைக் கேட்டால், காண்டின்ஸ்கியின் சதுரங்களை அசல் அளவிலேயே அச்சடிப்பேன்: ஒன்பதரைக்குப் பன்னிரண்டரை அங்குலம். சிறியது என்பதால் நல்ல பருத்தித் தாளுக்கும் பிக்மென்ட் மைக்கும் கை வலிக்காது. சுற்றிலும் நான்கு அங்குல வெள்ளை மவுண்ட் வைத்தால் சட்டத்தின் உள்ளளவு பதினேழரைக்கு இருபதரை. சின்னப் படத்துக்கும் சுவரில் தனி இடம் கிடைத்துவிடும். உயரத்தில் பாதி எட்டேமுக்கால். அதை 58-ஓடு கூட்டி, கம்பியின் தொய்வுக்கு இரண்டைக் கழித்தால் ஆணி தரையிலிருந்து ஏறத்தாழ 65 அங்குலத்தில். சோபாவுக்கு மேலே அடிக்க மாட்டேன். சோபா நடுவில் நின்று தடுக்காத, அருகில் போய் நிற்க முடிகிற சுவர் வேண்டும்: எழுதும் மேசைப் பக்கம், அல்லது நடையில். காண்டின்ஸ்கி அந்தத் தாளைக் கை தொடும் தூரத்தில் வைத்துத்தான் சிவப்பையும் பச்சையையும் சோதித்துப் பார்த்திருப்பார். நாமும் அதே தூரத்தில் நின்றால், எந்த வட்டமும் காம்பஸ் வைத்துப் போட்டதல்ல, எல்லாமே கை போன போக்கில் கொஞ்சம் கோணியவை என்பது தெரியும். மூன்றடிப் படத்தை எதிர்ச் சுவரிலிருந்து பார்த்தால் அந்தக் கோணல் கண்ணில் படாது.